மாயம் யார் கையில்?

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள், பதின்மூன்று வயதைத் தொட்டதும் நாடுகின்ற நூல்களுள் ஆங்கில மாயக் காதற் கதைகளுக்குத் தனியிடம் உண்டு. குருதி குடிக்கும் அழகன், ஓநாயாக மாறும் இளைஞன், மனிதப் பெண்ணை மணக்க விழையும் வேற்றுலக வேந்தன் என்று அக்கதைகளின் நாயகர் பலதிறத்தினர். இவற்றைக் கண்ட பெற்றோரும் இருவகையினர். அட்டைப் படத்தைப் பார்த்த அளவிலேயே பறித்து அலமாரியின் மேல்தட்டில் வைப்போர் ஒருவகை. பிள்ளை புத்தகமாவது படிக்கிறதே என மகிழ்ந்து, உள்ளே இருப்பது என்னவென்று நோக்காமலே விட்டுவிடுவோர் மற்றொரு வகை. நூலைப் படித்துப் பார்ப்பதில்லை என்பதில் இருவரும் ஒன்றே.

திரைப்படத்திற்குத் தணிக்கைச் சான்றிதழ் உண்டு. 2024 முதல் ‘யு.ஏ.’ என்னும் பிரிவே ஏழு, பதின்மூன்று, பதினாறு என வயதுவாரியாக மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நூலுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. ‘இளம் வயதினர்க்கு’ எனப் பதிப்பகத்தார் இடும் முத்திரை ஒன்றுதான் உண்டு. பன்னிரண்டு வயதுச் சிறுமியையும் பதினெட்டு வயது மங்கையையும் ஒரே பாயில் அமர்த்தும் முத்திரை அது. ஸாரா ஜே. மாஸ் எழுதிய ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்’ 2015-இல் இளையோர் வரிசையில் வெளிவந்தது. 2020-இல் புதிய அட்டையுடன் பெரியோர் வரிசைக்கு மாறியது. கதை அதுவே, மாறியது அடுக்கு. அத்தொடரின் இரண்டாம் நூலிலிருந்து கலவிக் காட்சிகள் மறைப்பின்றி வருவதை நோக்கினால், இரண்டாம் முறை வைத்த இடமே பொருத்தமானது என்பது விளங்கும். முத்திரையை நம்பி ஐந்தாண்டுக் காலம் அதனைச் சிறுமியர் கையில் கொடுத்த பெற்றோரைக் குறை கூறுவதற்கில்லை.

எனினும், முத்தங்களை எண்ணிப் பார்த்து ஒரு நூலை ஏற்பதும் தள்ளுவதும் திறனாய்வு ஆகாது. ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ (2005) வரிசையை அவ்வாறு எண்ணுவோர் மனநிறைவுடன் மூடி வைப்பர். திருமணத்திற்கு முன் எல்லை மீறாத காதல் அது. ஆயின் பதினேழு வயதுப் பெண் பெல்லாவின் காதலன், 1918-இல் வயது உறைந்துபோய் நூற்றாண்டைக் கடந்து வாழ்பவன். அவள் உறங்கும்போது, அவள் அறியாமலே அறைக்குள் வந்து இரவெல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பவன். மூன்றாம் நூலிலோ, வேறொரு நண்பனைக் காண அவள் போய்விடக் கூடாது என்று அவளது வண்டியின் எஞ்சினிலிருந்து ஓர் உறுப்பையே கழற்றிவிடுகிறான். இவையெல்லாம் அன்பின் மிகுதி என்றே ஆசிரியர் காட்டுகிறார். அடுத்த வீட்டு இளைஞன் இவற்றுள் ஒன்றைச் செய்தால் நாம் காவல் நிலையத்திற்கு ஓடுவோம். பல் கூரிய அழகன் செய்தால் மட்டும் அது காதலாகிவிடுகிறது. இவ்வகை நூல்களில் மாயத்தின் வேலையே பலவேளை இதுதான்: மனிதனிடத்தில் பொறுக்க முடியாததை மாயவனிடத்தில் இனிக்கச் செய்வது. வலிமை முழுவதும் அவன் பக்கம்; வியப்பு முழுவதும் அவள் பக்கம். பதினாறு வயதுக்கு மேற்பட்ட பெண் இதனைப் படிக்கலாம். வீட்டில் அது பற்றிப் பேச ஒருவர் இருக்க வேண்டும்.

டயானா வின் ஜோன்ஸின் ‘ஹௌல்ஸ் மூவிங் காஸில்’ (1986) இதற்கு நேர் எதிர். தொப்பிக் கடைப் பெண் சோஃபி ஒரு சூனியக்காரியின் சாபத்தால் கிழவியாகிறாள். இளமையில் வாய் திறவாதவள், கிழவியானபின் எவருக்கும் அஞ்சாமல் பேசத் தொடங்குகிறாள். பெண்களை மயக்கி மயக்கிக் கைவிடும் மந்திரவாதி ஹௌலைப் பார்த்து நூலே சிரிக்கிறது. பேச்சினாலேயே பொருள்களுக்கு உயிரூட்டும் ஆற்றல் சோஃபியிடம் தொடக்கம் முதலே இருந்தது; அதை அவள்தான் அறியவில்லை. காதலோ கடைசிச் சில பக்கங்களில், ஏறக்குறைய ஒரு சச்சரவைப் போல வந்து சேர்கிறது. பன்னிரண்டு வயதுக்கு இதனைத் தயங்காமல் கொடுக்கலாம். பெற்றோரும் படித்து மகிழலாம்.

ஆங்கில நூல்தான் ஆபத்து, தமிழ் நூல் என்றால் கவலையில்லை என்று எண்ணுவாரும் நம்மிடையே உளர். குமுதத்தில் தொடராக வந்த சாண்டில்யனின் ‘கடல் புறா’வை அவர்கள் மறந்துவிட்டனர் போலும். கடற்போரை அவர்போல் விறுவிறுப்பாகச் சொன்னவர் சிலரே. ஆனால் மங்கையர் உடல் வருணனை தொடங்கிவிட்டால் கப்பலே நின்றுவிடும். வரலாறு என்ற பெயர் சூட்டியதும் நம்மவர் கண்ணை மூடிக்கொள்வது விந்தையே. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் ஓடம் செலுத்தும் பூங்குழலிக்குத் தனக்கென ஒரு மனமும் அதைச் சொல்ல ஒரு நாவும் இருக்கின்றன. தமிழ் எழுத்தறியாத பிள்ளைக்கு அதனை உரக்கப் படித்துக் காட்டினாலும் சுவை குன்றாது.

இவை அனைத்திற்கும் முன்னே நிற்பது ‘மணிமேகலை’. சமய நூல் என்று ஒதுக்கப்பட்டதால் அதிலுள்ள காதலும் மாயமும் நம் இளையோர் கண்ணுக்கு எட்டவில்லை. அரசகுமாரன் உதயகுமாரன் தன்னை இழிவாகப் பேசியதை அறிந்தும், தன் உள்ளம் அவன்பின் சென்றதைத் தோழி சுதமதியிடம் ஒளிக்காமல் கூறுகிறாள் அவ்விளம்பெண். விருப்பம் உண்டு, ஆயினும் அவனுடன் செல்லும் எண்ணம் இல்லை. பதின்ம வயதின் இந்த இருமனத்தைச் சாத்தனார் கண்டுகொண்ட அளவுக்கு மேலே கூறிய நூல்கள் கண்டனவா என்பது ஐயமே. அவள் பெறும் மந்திரங்கள் வேற்றுருக் கொள்ளவும், வான்வழிச் செல்லவும், பசி தாங்கவும் ஆனவை. மூன்றும் அவளுக்கே உரியவை. எவரையும் வசப்படுத்த அல்ல. அரசமாதேவி அவளைக் கெடுக்க ஓர் இளைஞனை ஏவும்போது ஆணுருக் கொண்டு அவள் தப்புவது அந்த ஆற்றலால்தான். அவ்விடத்தைப் பதினைந்து வயதுக்குமுன் விரித்துரைக்க வேண்டியதில்லை. மணிமேகலா தெய்வமும் உறங்கிய பெண்ணைக் கேளாமல்தானே தீவுக்குத் தூக்கிச் சென்றது என்று கூர்த்த மதியுள்ள சிறுமி கேட்கக் கூடும், கேட்கட்டும்.

காயசண்டிகையின் உருவில் அவள் இருந்ததனாலேயே, அக்காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் தவறாக எண்ணி உதயகுமாரனை வெட்டி வீழ்த்துகிறான். தான் மறுத்துவந்த ஒருவனுக்காக மணிமேகலை அன்று கதறி அழுகிறாள். மறுத்தது பிழை என்று மட்டும் அவள் ஓரிடத்தும் கூறவில்லை.