முடவனும் கொம்புத் தேனும்

முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டாற்போல என்பது நம்மவர் நாவில் இன்றும் வழங்கும் பழமொழி. தகுதிக்கு மீறி ஆசை வைப்பவனை எள்ளுவதற்கு அதனைக் கையாளுகிறோம். பழமொழிகள் கற்பிக்கும் பாடவேளைகளில் நானும் பல ஆண்டுகள் அதனைக் கரும்பலகையில் எழுதி, பொருள் கூறி, வாக்கியத்தில் அமைக்குமாறு மாணவரைக் கேட்டிருக்கிறேன். அச்சிறு தொடரினுள் ஒரு சமுதாயத்தின் தீர்ப்பே அடங்கிக் கிடக்கிறது என்பது அப்பொழுது எனக்குப் புலப்படவில்லை. தேன் உயரத்தில் இருக்கிறது. நடக்க இயலாதவன் கீழே இருக்கிறான். எனவே ஆசையைக் கைவிட வேண்டியவன் அவனே என்பது அத்தீர்ப்பு. ஓர் ஏணியைச் சார்த்தினால் என்ன என்று பழமொழி கேட்பதில்லை. நம்முடைய இன்றைய கதைகளாவது கேட்கின்றனவா? இக்கட்டுரையின் விசாரணை இதுவே.

இவ்வினா வன்னியிலிருந்து எழுவது இயல்பு. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற போர், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் ஊர்களிலே எத்தனையோ பேரை முள்ளந்தண்டு வடம் சிதைந்த நிலையில் விட்டுச் சென்றது. எறிகணைச் சிதறல் முதுகிற் பாய்ந்த கணத்தில், அதுவரை வயலில் நின்ற கால்கள் உணர்விழந்தன. போர் ஒன்றே காரணமுமன்று. பனையிலும் தென்னையிலும் ஏறிப் பிழைப்பவன் கைதவறி விழுந்தாலும், கண்டி வீதியில் மோட்டார் சைக்கிள் கவிழ்ந்தாலும் விளைவது இதே காயந்தான். உலகெங்கும் 1 கோடியே 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இக்காயத்தோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. விழுதல், வீதி விபத்து, வன்முறை ஆகியனவே பெருங்காரணங்கள். ஆகவே இது உழைக்கும் மக்களின் காயம். அதனை இலக்கியம் எவ்வாறு எழுதுகிறது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் சிறுகதைப் போட்டியொன்றுக்கு நான் நடுவராக இருந்தேன். போரில் இடுப்பின்கீழ் இயக்கமிழந்த ஒருவரைப் பற்றிய கதைகள் பல வந்திருந்தன. அவற்றுள் மிகச் சிறந்ததென நான் தெரிந்த கதையிலே, அம்மனிதர் சக்கர நாற்காலியில் முற்றத்திலிருந்து அந்திவானத்தைப் பார்க்கிறார், மனைவி விம்முகிறாள், ஈற்றில் அவர் நஞ்சுண்டு மடிகிறார். நடை நன்றாயிருந்தது. முதற்பரிசு கொடுத்ததோடு நில்லாமல், அதனை என் வகுப்பில் உரத்தும் வாசித்தேன். பாடம் முடிந்தபின் ஒரு மாணவி என் மேசையருகே வந்து நின்றாள்.

"சேர், கதையில அப்பா ஏன் கடைசியில சாகவேணும்? எங்கட அப்பாவும் அப்பிடித்தான் இருக்கிறார். காலமை சங்கக்கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வந்தவர்."

அவள் குரலிற் கோபமில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். எனக்கு விடை வரவில்லை. பல்கலைக்கழகத்திலே இலக்கியக் கோட்பாடுகளைக் கற்று, யதார்த்தவாதம் குறித்துக் கட்டுரைகளும் எழுதியவன் நான். யதார்த்தம் என் வகுப்பின் மூன்றாம் வாங்கில் அமர்ந்திருந்தது. அதனைக் கவனியாது, அதன் தந்தையைக் கொன்ற கதைக்குப் பரிசு வழங்கிவிட்டேன்.

அதன்பின் இப்பொருள் பற்றிய எழுத்துக்களை வேறு கண்கொண்டு படிக்கலானேன். அவை பெரும்பாலும் இரண்டே அச்சுக்களில் வார்க்கப்பட்டிருக்கின்றன. முதலாவது கண்ணீர் அச்சு. அதிலே காயமுற்றவர் மனிதராக வருவதில்லை. தோற்றுப்போன ஒரு காலத்தின் குறியீடாக வருகிறார். அவருக்குப் பசியோ, கடனோ, அயலவரோடு வேலித் தகராறோ, பகிடியோ கிடையாது. இரண்டாவது அற்புத அச்சு. அதிலே அவர் மனவலிமை ஒன்றினாலே எல்லாவற்றையும் வென்றுவிடுகிறார். வாசகர் கைதட்டிவிட்டு நிம்மதியாக உறங்கச் செல்கிறார். ஒன்று பரிதாபம், மற்றது வியப்பு. பார்வைக்கு நேர்மாறான இவ்விரண்டும் ஓரிடத்திலே கைகோக்கின்றன. அரசாங்க அலுவலக வாயிலின் மூன்று படிக்கட்டுகளைப் பற்றி இரண்டுமே பேசுவதில்லை.

இக்குறை இன்று தோன்றியதன்று. புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் குருடு, கூன், குறள், ஊமை, செவிடு முதலியவற்றைப் பயனற்ற பிறப்புக்களாக வரிசைப்படுத்துகிறார். கலித்தொகையின் 94ஆம் பாடலிலே கூனியும் குறளனும் காதல் பேசுவது பிறர் நகைப்பதற்காகவே. கம்பனுடைய மந்தரையின் வளைந்த முதுகு வளைந்த மனத்தின் அடையாளமாகவே இன்றும் மேடைகளில் விளக்கப்படுகிறது. ஆயினும் கம்பன் அதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறான்: சிறுவனாகிய இராமன் தன்மீது வில்லுண்டை எய்ததை அவள் மறக்கவில்லை. அவமதிக்கப்பட்ட உடலின் நினைவு அது. உரைகாரரும் சொற்பொழிவாளரும் கூனை விரித்துரைத்த அளவுக்கு அந்த உண்டையை விரித்துரைத்தாரல்லர்.

மரபின் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். கரிகாலனைப் பொருநராற்றுப்படையில் பாடியவர் முடத்தாமக்கண்ணியார். பாடப்பட்டவனும் கால் கரிந்த வரலாற்றாற் பெயர் பெற்றவன் என்பது மரபு. ஆய் அண்டிரனைப் பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். ஐயூர் முடவனாரோ, தாமான் தோன்றிக்கோனிடம் பகடு ஒன்றை வேண்டிச் சென்றார். புறநானூற்றின் 399ஆம் பாடல் கூறும் செய்தி இது: அவன் ஆநிரையோடு ஓர் ஊர்தியையும் சேர்த்து வழங்கினான். இப்பாடலை வள்ளன்மைக்குச் சான்றாகவே நாம் கற்பித்து வந்திருக்கிறோம். வேண்டியவரின் பெயரை மனத்திற் கொண்டு படித்தால் வேறொன்றும் விளங்கும். கால் வழங்காத ஒரு புலவர் கண்ணீரை வேண்டவில்லை. தாம் வேண்டியது இன்னதென்று அறிந்து அதனையே கேட்டார். கொம்புத் தேனுக்கு ஆசைப்படாதே என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை. ஆனால் அவர் பெற்றது கொடை. மன்னன் மறுத்திருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருப்பார். கொடையாயிருந்தது உரிமையாக மாறுவதே நம் காலத்தின் கடமை.

காயமுற்றவரின் ஒருநாள் வாழ்வை அறிந்தால் எழுத்தாளருக்கு அற்புதமும் தேவைப்படாது, நஞ்சும் தேவைப்படாது. முள்ளந்தண்டு வடம் அறுந்தவிடத்துக்குக் கீழே வலி தெரியாது. ஆகவே ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் நசிந்து புண்ணாவதும் தெரியாது. படுக்கையில் இரண்டு மணிக்கொரு தடவை உடலைத் திருப்பவேண்டும். நாற்காலியில் இருப்பவர் இரு கைகளையும் ஊன்றி அடிக்கடி உடலை உயர்த்தவேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பியதை உடல் அறிவிக்காது. உரிய நேரத்தில் குழாய் செலுத்தி அகற்றாவிடின் நோய்த்தொற்று சிறுநீரகம் வரை ஏறும். காயம் மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ ஆயின், அதற்குக் கீழே வியர்வையும் செம்மையாகச் சுரக்காது. வன்னியின் சித்திரை வெயிலில் ஈரத்துணியும் நிழலும் மருந்துக்குச் சமம். படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறுவதற்குத் தோளும் மேற்கையும் வலுப்பெறவேண்டும். அதற்கு மாதக்கணக்கில் நாள்தோறும் பயிற்சி வேண்டும். இக்காயமுற்ற வயதுவந்தோர் வாரத்தில் இருமுறையேனும் 20 நிமிடம் மூச்சு வாங்க உழைப்பதும், இயங்கும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்வதும் அவசியமென்று 2018இல் பன்னாட்டு ஆய்வாளர் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. இதயநலத்துக்கு வாரம் மும்முறை 30 நிமிடம் வேண்டுமாம்.

இவையனைத்தும் உழைப்பு. உழவனின் உழைப்பையும் மீனவனின் உழைப்பையும் வியர்வை மணக்க எழுதியதே முற்போக்கு இலக்கியத்தின் பெருமை. தன் உடலைத் தானே நாள்தோறும் உயிரோடு காக்கும் இவ்வுழைப்பு மட்டும் நம் பேனாக்களுக்கு ஏன் புலப்படவில்லை?

ஒரு காலத்தில் மருத்துவருக்கே அது புலப்படவில்லை. முதலாம் உலகப் போரில் இவ்வாறு காயமுற்றோரிற் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் மாண்டனர். நம்பிக்கையற்ற நோயாளர் என்று அவர்கள் ஒதுக்கப்பட்டனர். நாசி ஜெர்மனியிலிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்துக்கு வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் இவர்களுக்கென ஒரு பிரிவைத் தொடங்கி, அந்த எண்ணத்தையே புரட்டினார். இரவும் பகலும் நோயாளரை முறையாகத் திருப்பச் செய்தார், கைத்தொழில் பழக்கினார், விளையாட்டைச் சிகிச்சையின் பகுதியாக்கினார். 1948 யூலை 29ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேர் அவ்வைத்தியசாலைப் புல்வெளியில் சக்கர நாற்காலிகளில் அமர்ந்து அம்பெய்து போட்டியிட்டனர். 1960இல் உரோமாபுரியில் 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் போட்டியிட்டனர். இடைப்பட்ட ஆண்டுகளில் காயத்தின் தன்மை மாறவில்லை. அதனைச் சூழ்ந்த ஏற்பாடு மாறியது.

நம் அயலிலும் சான்றுகள் உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் இடுப்பின்கீழ் இயக்கமிழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயோர்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை நிறுவினார். தென்காசியை அடுத்த ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் 1975இல் கடற்படைத் தெரிவுக்கான உடற்தகுதித் தேர்விற் காயமுற்று, கழுத்தின்கீழ் இயக்கமிழந்தார். 1981இல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று எத்தனையோ சிறுவருக்குச் சிகிச்சையும் கல்வியும் அளிக்கிறது. இவர்களை அற்புத அச்சில் வார்ப்பது எளிது. மேரி வர்கீஸுக்கு ஒரு கல்லூரியும் தோழரும் அறுவைக்கூடமும் துணைநின்றமையையும், தனக்குக் கிடைத்ததைப் பிறருக்கும் கிடைக்கச் செய்ய இராமகிருஷ்ணன் ஒரு நிறுவனத்தைக் கட்டியெழுப்பினமையையும் மறைத்தால்தான் அது முடியும். தனிமனித வீரம் என்ற ஒளியிலே கூட்டு முயற்சியை இருட்டடிப்பது பழைய முதலாளித்துவப் பழக்கம். நாமும் அதனையே செய்யலாமா?

இலங்கையிற் சட்டம் இல்லாமலில்லை. வலதுகுறைந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1996இன் 28ஆம் இலக்கமாக வந்தது. பொதுக் கட்டடங்களுக்கு அணுகுவசதி வேண்டுமென்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஐக்கிய நாடுகளின் சாசனத்தை நாடு 2016இல் ஏற்று உறுதிசெய்தது. 1992இல் ஓடும் வாகனத்தின்மீது மரம் வீழ்ந்து காயமுற்ற அஜித் பெரேரா, சக்கர நாற்காலியிலிருந்தபடியே உயர்நீதிமன்றத்துக்குச் சென்றார்; புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமையவேண்டுமென 2011இல் நீதிமன்றம் பணித்தது. அவர் சிங்களவர். அவர் பெற்ற தீர்ப்பு முல்லைத்தீவு வாசிக்கும் உரியது. றாகமையில் சிகிச்சை பெறும் தெற்கின் ஏழைச் சிப்பாயின் முதுகிலும், மாங்குளத்தில் இருப்பவரின் முதுகிலும் அறுந்தது ஒரே நரம்புவடந்தான். இருவர் வீட்டிலும் முன்பே இருந்தது ஒரே வறுமைதான்.

மாங்குளத்திலே, இக்காயமுற்றவர்கள் தாமே கூடி 'உயிரிழை' என்னும் அமைப்பை நடத்தி வருகின்றனர். நெதர்லாந்தின் உதவியோடு அமைந்த மறுவாழ்வு மருத்துவ நிலையம் 2024இல் அங்கு திறக்கப்பட்டது. நற்செய்திகளே. ஆனால் நிலையத்திலே பயிற்சி பெற்றவர் வீடு திரும்பும்போது, கிறவல் ஒழுங்கையின் மாரிச் சேற்றிலே சில்லு புதைகிறது. கிணற்றடிக்கும் மலகூடத்துக்கும் படி இருக்கிறது. பேருந்தில் ஏற வழியில்லை. முடவன் என்ற சொல்லை நீக்கி மாற்றுத்திறனாளி என்று மரியாதையாக எழுதப் பழகியிருக்கிறோம். சொல் மாறியது நன்று, படிக்கட்டு மாறவில்லை. சொல்லை மாற்றியவர்கள் எழுத்தாளர்கள் என்றால், படிக்கட்டையும் அவர்கள் கதைக்குள் கொண்டுவரட்டும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். துயரமே எழுதலாகாதா, மருத்துவக் குறிப்பும் கட்டடச் சட்டமுமா இலக்கியம் என்று நண்பர்கள் வினவக்கூடும். துயரம் உண்டு, அதை மறைப்பவன் பொய்யன். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் நம்மிடையே உண்டு. ஆயின் அம்மரணத்தை எழுதுபவன், அதற்கு முந்திய நாட்களை அறிந்து எழுதவேண்டும். ஆறாத புண்ணும், வைத்தியசாலைக்குச் செல்ல வாகனக்கூலி இல்லாமையும், வராது போன உதவிப்பணமும் கதையிலே இருக்குமானால், அம்மரணம் வாசகனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும். அவை இல்லாவிடின் அது முதுகெலும்பின் விதியாகிவிடும். விதிக்கு முன்னால் வாசகன் அழுவதோடு விடுதலை பெறுவான். துயரத்தை எழுதுவது குற்றமன்று; காரணமின்றி எழுதுவதே குற்றம்.

அந்த மாணவிக்கு நான் உடனே சொல்ல இயலாத விடையைப் பின்னர் ஒரு பயிற்சியாகக் கொடுத்தேன். வீட்டிலோ அயலிலோ நடக்க இயலாத ஒருவர், காலை எழுந்தது முதல் சங்கக்கடைக்குப் போய்வரும் வரை செய்வனவற்றை, ஓர் உவமையுமின்றி எழுதிவருமாறு வகுப்பைக் கேட்டேன். அவள் எழுதியதிலே ஒரு வரி என்னை நிறுத்தியது: கடை வாசலில் இரண்டு படி இருப்பதால் அப்பா வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார், உள்ளே என்னென்ன புதிதாக வந்திருக்கிறதென்று அவருக்குத் தெரியாது.

அவ்வரியை வகுப்பிலே வாசித்தபோது ஒருவரும் அழவில்லை. பின்வரிசையிலிருந்த ஒரு பையன் எழுந்து, "அந்தப் படிக்குச் சீமெந்தாலை ஒரு சரிவு போட எவ்வளவு முடியும், சேர்?" என்று கேட்டான். நாம் கணக்குப் பார்க்கத் தொடங்கினோம்.