பங்க் இசையும் ஒரு ஸ்கூல் பஸ்ஸும்

பங்க் பற்றிய ஆவணப்படங்களில் பெரும்பாலானவை மேடையை விட்டு இறங்குவதே இல்லை. ‘அனதர் ஸ்டேட் ஆஃப் மைண்ட்’ (1984) அந்த விஷயத்தில் வேற மாதிரி. கலிஃபோர்னியாவின் சோஷியல் டிஸ்டார்ஷன், யூத் பிரிகேட் என்ற இரண்டு குழுக்கள் 1982-இல் பழைய ஸ்கூல் பஸ் ஒன்றில் ஊர் ஊராகப் போனதைச் சொல்லும் படம். இசைப்படம் என்று பார்த்தால் சுமார்தான், பாட்டெல்லாம் துண்டு துண்டாகத்தான் வருது. பஸ் ரிப்பேர், காசில்லாமை, முன்பின் தெரியாதவர் வீட்டில் படுக்கை என்று போகிற பகுதிகள்தான் படத்தைத் தாங்குகின்றன.

கடைசியில் வாஷிங்டனில் பஸ் படுத்துவிடுகிறது, குழுவும் கலைகிறது. படம் இதைத் தோல்வியாகவே காட்டுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பயணத்தில் என்ன கிடைத்தது என்பதை இரண்டு வருடம் முன்பு, எதிர்த்திசையில் நடந்த இன்னொரு பயணத்தை வைத்துப் பார்க்கலாம்.

1980-இல் வாஷிங்டனின் டீன் ஐடில்ஸ் குழு, இயன் மெக்கே உட்பட எல்லாரும் பதின்வயதுப் பசங்க, பஸ் ஏறி கலிஃபோர்னியா போனார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் மபுஹாய் கார்டன்ஸில் வயது குறைந்தவர்களின் கையில் பெரிதாக ஓர் எக்ஸ் போட்டு உள்ளே விட்டார்கள். பாட்டு கேட்கலாம், குடிக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. ஊர் திரும்பியதும் அதே ஏற்பாட்டை அங்குள்ள கிளப்பில் சொல்லிப் பார்த்தார்கள். அவர்களுடைய முதல் இசைத்தட்டின் அட்டையிலும் எக்ஸ் போட்ட கைகள்தான். பிற்பாடு அது குடிமறுப்பின் கொள்கைச் சின்னமாகிவிட்டது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் நேராகக் கொள்கைக்குத் தாவிவிடுகிறார்கள். அது முதலில் ஒரு நுழைவுச்சீட்டு. அவ்வளவு தூரம் போய் அவர்கள் கொண்டுவந்தது பதினேழு வயசுப் பையனைக் கதவுக்கு உள்ளே விடுகிற ஒரு வழி. புது வாசிப்பு முறையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஹென்றி ராலின்ஸ் கதையையும் இப்படித்தான் வீரகதையாக்கிவிட்டோம். 1981-இல் அவர் வாஷிங்டனில் ஓர் ஐஸ்கிரீம் கடை மேனேஜர். பிளாக் ஃபிளாக் கச்சேரிக்காக நியூயார்க் வரை கார் ஓட்டிப் போகிறார். மேடையேறி ஒரு பாட்டும் பாடிவிடுகிறார். அதிலிருந்துதான் அந்தக் குழுவில் பாடகராகச் சேரும் அழைப்பு வந்தது. எல்லாரும் இந்த இடத்தில் கைதட்டுவாங்க. எனக்கு முக்கியமாகப் படுவது அவர் கேட்ட பாட்டு: ‘க்ளாக்ட் இன்’. வேலைக்குப் போவதைப் பற்றிய பாட்டு. காலையில் கடை திறக்க அவர் திரும்பி ஓட்ட வேண்டியிருந்தது, சுமார் 360 கிலோமீட்டர்.

‘அனதர் ஸ்டேட் ஆஃப் மைண்ட்’டின் கேமரா தவறவிடுவது இந்த ஆளைத்தான். குழு பஸ்ஸில் வருவது தெரிகிறது. பக்கத்து ஊரிலிருந்து வந்து, கூட்டத்தில் நசுங்கி, விடிவதற்குள் வேலைக்குத் திரும்பவேண்டிய பையன் சில நொடிகள் முகமாக மட்டும் வந்து போகிறான். அவன் எப்படி வந்தான், பெட்ரோலுக்கு யார் காசு போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை.