மாலா சிமெட்பாமின் மரணம்: சாட்சியங்கள் பிரியும் இடம்

ஆஷ்விட்ஸ்–பிர்கெனாவ் வதைமுகாமில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்ற நேர்ந்த யூதக் கைதி மாலா சிமெட்பாம், போலந்துக் கைதி எடெக் கலின்ஸ்கியுடன் 1944 ஜூன் 24 அன்று தப்பிச் சென்றார். இரு வாரங்களுக்குள் பிடிபட்டார். முகாமில் நிகழ்ந்த அவரது மரணம் குறித்து உயிர்பிழைத்தோர் கூறுவன ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தண்டனைக்கெனக் கொண்டுவரப்பட்டபோது அவர் சவர அலகால் மணிக்கட்டை அறுத்துக்கொண்டார், தடுக்க வந்த காவலரைக் குருதி வழியும் கையால் அறைந்தார் என்பதில் பெரும்பாலோர் ஒன்றுபடுகின்றனர். அதன்பின், வண்டியிலேயே உயிர் பிரிந்தது, எரியூட்டுக்கூட வாயிலில் சுடப்பட்டார், நஞ்சுண்டார், உயிருடன் எரிக்கப்பட்டார் எனக் கூற்றுகள் பிரிகின்றன.

இதனை நினைவின் பிழை என ஒதுக்குவது எளிது. எனினும் பிளவு தொடங்கும் இடம் கருதத்தக்கது. அறைந்தது, அணிவகுத்து நிறுத்தப்பட்ட பெண்களின் கண்முன். வண்டி நகர்ந்தபின் நடந்ததை அவர்களுள் மிகச் சிலரே கண்டிருக்க இயலும். ஏனையோர் செவிவழி அறிந்தனர். அவர்களது பார்வை முடிந்த இடத்திலேதான் முரண் பிறக்கிறது. சாட்சியத்தின் வரம்புகளை நுட்பமாக ஆராய்ந்த பிரிமோ லெவியும் தம் 1986ஆம் ஆண்டு நூலில் ஒரே முடிவை மட்டுமே தருகிறார். அவரோ மோனோவிட்ஸில் இருந்தவர், பிர்கெனாவில் அல்லர். நஞ்சு பற்றிய கூற்று, மரணத்தையும் மாலாவின் கையிலேயே ஒப்படைக்க விழைகிறது. அதைத் தகவலாக ஏற்குமுன், அவ்வாறு நம்பும் தேவை முகாமில் எஞ்சியோருக்கு ஏன் எழுந்தது என வினவுதல் வேண்டும்.