பூட்டிய அறையும் கற்ற கல்வியும்

தையிப் சாலிஹ் 1966இல் வெளியிட்ட அரபு நாவலான 'வடக்கே புலம்பெயரும் பருவ'த்தில், இலண்டன் வாழ்வின் பின் சூடானிய நைல் நதிக்கரைக் கிராமமொன்றில் உழவனாகும் முஸ்தபா ஸயீத், தன் வீட்டில் ஓரறையை எவருக்கும் காட்டாது பூட்டி வைக்கிறான். உள்ளே ஆங்கிலேயக் கணப்படுப்பு, அரபு நூல் ஒன்றேனுமில்லை, குர்ஆனும் ஆங்கிலத்திலேயே.

இதனை அடிமை மோகமென்று மாத்திரம் கொள்ளுதல் பொருந்தாது. வாழ்ந்த நகரை நினைந்தேங்குதல் குற்றமன்று. அவன் ஊரின் விவசாயக் குழுவிற் பணியாற்றியவனே. ஆங்கிலக் கவிஞனொருவனை ஆராய்ந்து பட்டத்தோடு மீண்ட கதைசொல்லியிடமோ அத்தகைய அறை இல்லை. ஆயினும், முஸ்தபாவின் விதவை ஹுஸ்னா முதியவனொருவனுக்கு வலிந்து மணமுடிக்கப்பட்டபோது அவன் அதனைத் தடுத்தானல்லன். கொலையும் தற்கொலையுமே விளைந்தன. உண்மையிற் பூட்டிக் கிடந்தது அவன் கற்ற கல்வியே என்பது எமது துணிபு.