பெயரில்லாத நோயாளிகள்

சுவாமி சிவானந்தரின் தன்வரலாற்றைத் தஞ்சோங் கிளிங்கில் இருந்து வாசிக்கிற எனக்கு, ரிஷிகேஷைவிட சிரம்பான் பகுதிதான் முக்கியமாகப் பட்டது.

பத்தமடையில் பிறந்த டாக்டர் குப்புசாமி 1913இல் மலாயா வந்தார். சிரம்பான் பக்கம் ரப்பர் தோட்ட மருத்துவமனையிலும், பிறகு ஜொகூர்பாருவிலும் 1923 வரை வேலை. துறவியாகி 1936இல் அவர் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கம் பல நாடுகளுக்குப் பரவியது. 1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்த சச்சிதானந்தர் அவருடைய சீடர். மேற்கத்திய யோகாவின் ஒரு வேர் நம்ம பால்மரக் காட்டில் இருக்கு என்று பெருமைப்பட எனக்கும் ஆசைதான்.

ஆனால் நூலில் தோட்டத்துத் துரைக்குப் பெயர் உண்டு, ஆங்கில டாக்டர்களுக்குப் பெயர் உண்டு. தொழிலாளிகள் வெறும் 'ஏழைகள்'. நோயோடு வருகிறார்கள், கருணையைப் பெறுகிறார்கள், போய்விடுகிறார்கள். லயத்தில் அவங்க யாரைக் கும்பிட்டாங்க, காய்ச்சல் கண்டால் முதலில் முனியாண்டிகிட்ட போனாங்களா, மருந்துக்கு வந்தாங்களா? டாக்டர் சொல்வதில்லை.

துறவியின் தன்வரலாறு அப்படித்தான் இருக்கும் என்பார்கள். சரி. அதே பார்வை நமக்கும் ஒட்டிக்கொண்டதுதான் சிக்கல். ரிஷிகேஷை 'ஆன்மிகம்' என்கிறோம். ஆடு கோழி கேட்கிற முனியாண்டியை 'அறியாமை' என்கிறோம்.

மருத்துவத் தொழிலில் கண்ட துன்பமே தன்னைத் துறவுக்குத் திருப்பியது என்கிறார் சிவானந்தர். அப்படியானால் அந்த நோயாளிகள்தான் அவருடைய முதல் குருமார்கள். அவர்களை எழுத வேண்டிய கடன் லயத்துப் பேரப்பிள்ளைகளான நமக்குத்தான் இருக்கிறது.