'பழசாயிடுச்சு' என்பது விமர்சனம் ஆகுமா?

தெப்பக்காட்டு நண்பர் ஒருவரிடம் லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. திடீரென்று ஒருநாள் அதில் பல இணையதளங்கள் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று எச்சரிக்கை வந்தது. மாயாற்றுப் பக்கம் சிக்னல் எப்போதுமே இழுபறிதான் என்பதால் அவர் டவரைத் திட்டிக்கொண்டிருந்தார். டவர் மேல் தப்பில்லை. 'லெட்ஸ் என்க்ரிப்ட்' சான்றிதழ் வாங்கிய தளங்களைப் பழைய கணினிகள் நம்புவதற்கு ஆதாரமாக இருந்த ஒரு வேர்ச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியாகிவிட்டது. புதிய வேர்ச் சான்றிதழ் இல்லாத கணினிகளுக்கு அந்தத் தளங்களின் கதவு சாத்தப்பட்டது.

இது நிஜமான பழசு. இதைச் சொல்லியே ஆக வேண்டும். எப்படிச் சொல்வது என்பதில்தான் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

லினக்ஸ் களஞ்சியங்களுக்கு வருகிற "பேக்கேஜ் பழசு" புகார்களில் ஒரு வகை உண்டு: "புது வெர்ஷன் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, எப்போ போடுவீங்க?" அவ்வளவுதான். ஆர்ச் லினக்ஸில் இதற்கென்றே ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். டெபியனில் 'வாட்ச்' கோப்பு என்று ஒன்று உண்டு. மூலத்தில் புது வெளியீடு வந்தால் அதை வைத்து இயந்திரமே கண்டுபிடித்துவிடும். 'ரெபாலஜி' என்ற தளம் ஏராளமான களஞ்சியங்களை ஒப்பிட்டு, எது பின்தங்கியிருக்கிறது என்று நிறம் பிரித்துக் காட்டுகிறது. எண் மாறியதை இயந்திரமே சொல்லிவிடும் என்றால், மனுஷன் எதற்கு? எண்ணால் சொல்ல முடியாததைச் சொல்ல.

எண் சில நேரம் ஆளையே ஏமாற்றும். டெபியனின் நிலையான வெளியீட்டில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால், பெரும்பாலும் புது வெர்ஷனுக்குத் தாவ மாட்டார்கள். ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மட்டும் எடுத்து, இருக்கிற வெர்ஷனிலேயே ஒட்டுவார்கள். எண்ணின் தலை அப்படியே இருக்கும், வால் மட்டும் வளரும். தலையை மட்டும் பார்ப்பவருக்கு அது பழசு. பதிப்பாண்டை மட்டும் பார்த்துவிட்டு "இந்த நாவல் இப்போ அவுட்டேட்டட்" என்று கமென்ட் போடுகிற நம்ம ஆட்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். எந்தப் பக்கம், எந்த வரி காலத்தைத் தாங்கவில்லை என்று கேட்டால் பதில் வராது.

மறுபக்க நியாயமும் உண்டு. எக்ஸ்ஸ்கிரீன்சேவரை எழுதிய ஜேமி ஸவின்ஸ்கி 2016இல் டெபியனோடு மோதினார். அவர் எப்போதோ சரிசெய்துவிட்ட பிழைகளுக்கு, பழைய வெர்ஷன் வைத்திருப்பவர்களின் புகார் அவருக்கே வந்துகொண்டிருந்தது. வெர்ஷன் ரொம்பப் பழசானால் திரையிலேயே எச்சரிக்கும்படி நிரலில் எழுதி வைத்தார். டெபியன்காரர்கள் கடுப்பானார்கள். எனக்கு அவர் கோபம் புரிகிறது. அங்கே பழசு என்பதற்கு ஒரு விலை இருந்தது. அதைக் கட்டியவர் அவர்.

ஆனால் 2024 மார்ச்சில் நடந்ததைப் படித்த பிறகு, வெறும் "அப்டேட் பண்ணுங்க"வை என்னால் அப்பாவித்தனமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. எக்ஸ்ஸெட் என்ற சுருக்கு மென்பொருளைச் சம்பளமில்லாமல், கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகப் பராமரித்து வந்தவர் லாஸ்ஸே கோலின். 2022இல் சில பெயர்கள் வந்து, ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைச் சேருங்கள் என்று நெருக்கின. மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் சொல்லிப் பார்த்தார். கடைசியில் 'ஜியா டான்' என்ற பெயர் பொறுப்புக்கு வந்தது. 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவு நுழைந்தது. பிறகு 'ஹான்ஸ் ஜான்சன்' என்ற பெயரில் டெபியனுக்கு ஒரு புகார் போனது: புது வெர்ஷன் வந்திருக்கிறது, ஏற்றுங்கள். நாம் தினமும் எழுதுகிற அதே வாக்கியம்! உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் மார்ச் 29 அன்று விஷயத்தை வெளியே சொன்னார். அப்போது டெபியனின் நிலையான வெளியீடு தப்பித்ததற்குக் காரணம், அதில் இருந்தது பழைய 5.4.1.

அதற்காகப் பழசே நல்லது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் நண்பரின் திறக்காத கதவுகளுக்கு என்ன பதில்? நல்ல புகார் நாலு வரி போதும்: என்ன செய்தேன், என்ன உடைந்தது, எந்த வெர்ஷனில், புதியதில் அது சரியானதைச் சோதித்தேனா இல்லையா. முடிந்தால் ஐந்தாவதாக ஒரு வரி: நான் என்ன உதவி செய்ய முடியும்.

நானும் நண்பரும் உட்கார்ந்து அந்த நாலு வரியை எழுதினோம். எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது, அவரிடம் இருந்த வெளியீட்டுக்கு ஆதரவு எப்போதோ நின்றுவிட்டது. வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் ஆளே இல்லை.

தெப்பக்காட்டு யானை முகாம் ரொம்பப் பழையது. அதை யாரும் அவுட்டேட்டட் என்பதில்லை. தினமும் யானைக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறார். மென்பொருளுக்கும் நான் அந்தக் கணக்கைத்தான் வைத்துக்கொள்கிறேன். கூப்பிட்டால் "என்ன?" என்று கேட்க ஆள் இருக்கிற வரைக்கும் அது பழசில்லை. அந்த ஆளையும் விரட்டிவிடாத மாதிரி நாம் கூப்பிட வேண்டும்.