வடிகால் பார்க்கிற கண்

"டர்போ ஆயில் அடிக்குதுண்ணே." தை, மாசியில் தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் டீசல் வண்டி பார்க்கிற எந்தப் பட்டறையில் போய் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். சம்பா அறுவடைக் காலம். வயலிலிருந்து களத்துக்கும், களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கும் சின்ன லோடு வண்டிகள் ராப்பகலாக ஓடுகிற நேரம். டர்போ மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டால் அந்த சீசனில் சம்பாதித்தது அதற்கே சரியாகிவிடும். அதனால்தான் அதைச் சொல்லும்போதே டிரைவரின் குரல் இறங்கிவிடுகிறது. கேட்டதும் சில பட்டறைகளில் ஸ்பானர் நேராக டர்போவுக்குப் போகும். தேர்ந்த மெக்கானிக் டர்போவைத் தொடவே மாட்டார். இந்தக் கலையில் நான் முதலில் ரசித்தது அந்தப் பொறுமையைத்தான்.

டர்போ என்பது ஒரு தண்டு, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு சக்கரம். சைலென்சருக்குப் போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, மறுமுனைச் சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905-ல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. 2011-ல் சந்தைக்கு வந்த அசோக் லேலண்டின் தோஸ்த்தில் இருப்பது மூன்று சிலிண்டர், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இன்ஜின். 40 கிலோ நெல் மூட்டை முப்பது ஏற்றினால் 1,200 கிலோ. அந்தச் சிறிய இன்ஜின் அவ்வளவையும் மூச்சு வாங்காமல் இழுக்கிறதென்றால் அது டர்போவின் தயவு.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலும். அதைத் தாங்குவது பெரும்பாலும் வெண்கல புஷ்ஷும் அதற்குள் பரவி நிற்கும் எண்ணெய்ப் படலமும்தான். தண்டு அந்தப் படலத்தில் மிதக்கிறது. எண்ணெய் உள்ளே வருவது ஆயில் பம்பின் அழுத்தத்தில். திரும்பிப் போவதற்குப் பம்பு கிடையாது. தன் கனத்தால் தானே வடிந்து, கீழே ஆயில் தேங்கும் சம்புக்குப் போய்ச் சேர வேண்டும்.

டெல்டாக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டூரில் திறந்த தண்ணீர் வாய்க்காலில் வந்து சேருவது ஒரு பாடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் தண்ணீர் வடிவது அதைவிடப் பெரும் பாடு. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் வரப்பை எவ்வளவு உயர்த்தினாலும் பயிர் மூழ்கத்தான் செய்யும். டர்போவின் கதையும் இதேதான்.

வரப்பு என்று சொன்னேன். டர்போவில் அந்த இடத்தில் இருப்பது ரப்பர் சீல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மெல்லிய உலோக வளையம், பிஸ்டன் ரிங் வகை. எண்ணெயை இறுக்கி அடைக்கும் வேலை அதனுடையது இல்லை. சக்கரங்கள் இருக்கும் பக்கம் அழுத்தம் கூடுதலாகவும், நடுவில் எண்ணெய் இருக்கும் அறையில் குறைவாகவும் இருக்கிறவரை எண்ணெய் உள்ளேயே நிற்கும். அந்தக் கணக்குப் புரண்டால் பெட்டியைப் பிரித்து அன்றைக்குத்தான் மாட்டிய டர்போவும் எண்ணெய் தள்ளும். டர்போ மாற்றிய சில நாளில் மறுபடி அதே நீலப் புகையோடு திரும்பி வருகிற வண்டிகளில் நடந்திருப்பது இதுதான்.

பட்டுக்கோட்டை சாலையில் ஒரு பட்டறையில் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"நேத்து என்ன லோடு தம்பி?"

"வைக்கோல்ணே. ஒரத்தநாட்டுப் பக்கத்துலேருந்து."

"அறுப்பு மெஷின் ஓடுற வயல்லயே நிறுத்தி ஏத்துனியா?"

"ஆமாண்ணே, நாலஞ்சு நாளா அங்கதான்."

மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மெக்கானிக் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். ஃபில்டரைத் தரையில் தட்டினால் பதரும் தூசியுமாகக் குவிந்தது. முன்னால் காற்று அடைபட்டுவிட்டது. இன்ஜினோ உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. காற்றை அழுத்துகிற சக்கரத்தின் பக்கம் வெற்றிடம் உண்டாகி, காற்றுக்குப் பதில் எண்ணெயை இழுக்கிறது. பழுது டர்போவில் இல்லை, அறுவடை வயலில் இருந்தது. எந்தக் கருவியையும் எடுக்காமல், எங்கே நின்று லோடு ஏற்றினாய் என்று கேட்டே நோயைப் பிடித்த அந்த நிதானத்தை நான் வேறு துறைகளில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

எல்லா வண்டியும் இவ்வளவு சுலபமாகப் பிடி கொடுக்காது. அப்போது வேலை துடைப்பதில் தொடங்குகிறது. டர்போவைச் சுற்றியிருக்கும் பிசுக்கை டீசல் போட்டுக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவிவிட்டு இன்ஜினை ஓடவிடுவார்கள். வெள்ளைப் பொடியில் முதலில் எங்கே கறுக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே வால்வ் கவர் பேக்கிங்கிலிருந்து ஒழுகியது டர்போ மேல் சொட்டியிருக்கும். எண்ணெய் கொண்டுவரும் குழாயின் செம்பு வாஷர் தேய்ந்திருக்கும். பழி மட்டும் டர்போவுக்கு.

அடுத்தது வடிகால் குழாய். நசுங்கியிருக்கிறதா, தொய்ந்து வளைந்திருக்கிறதா, உள்ளே கரி பிடித்திருக்கிறதா? முன்பு யாராவது பேக்கிங்கோடு பேஸ்ட்டையும் தாராளமாகப் பூசியிருந்தால், அது உள்பக்கம் பிதுங்கிப் பாதி வழியை அடைத்திருக்கும். நல்லது செய்வதாக நினைத்துச் செய்த கெடுதல். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு மீறியிருந்தாலும் வடிகாலின் கீழ் முனை திணறும்.

பிறகு பேக் கம்ப்ரஷன். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதன் வாயிலேயே கவிழ்த்து வைத்து ஐடிலில் ஓடவிட்டால், தேய்ந்த இன்ஜினில் மூடி துள்ளிக் குதிக்கும். பிஸ்டன் ரிங் தாண்டி இறங்குகிற புகை சம்பை ஊதிப் பெருக்கும்போது டர்போவின் எண்ணெய் எந்த வழியாகக் கீழே இறங்கும்? சில சமயம் ரிங்கில் குறையே இருக்காது, அந்தப் புகை வெளியேறும் பிரீத்தர் குழாய் அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்தாலே கசிவு நின்றுவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் விரல் உள்ளே போகிறது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஹோஸைக் கழற்றி, தண்டின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கொஞ்சம் ஆடும். ஆடத்தான் வேண்டும், எண்ணெய்ப் படலத்துக்கு அந்த இடைவெளி வேண்டுமே. அந்த ஆட்டத்தைக் கண்டு மிரண்டு நல்ல டர்போவைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுத்தால் விரலுக்கு அசைவே தட்டக்கூடாது. தட்டினாலோ, சக்கரத்தின் இதழ்கள் உறையில் உரசிய கீறல் தெரிந்தாலோ டர்போ போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு ஆட்டம் சரி என்பதற்கு டயல் கேஜ் உண்டு, கம்பெனி கொடுத்த அளவும் உண்டு. ஆனால் பல வருஷம் தொட்டுப் பழகிய விரல் சந்தேகம் வந்தால் மட்டும்தான் கேஜைத் தேடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இன்னொன்று. புகை வருகிற பக்கம் எண்ணெய் இருந்தால், டர்போவுக்கு முன்னால் இருக்கும் மேனிஃபோல்டைத் திறந்து பார்ப்பார்கள். அங்கேயே ஈரம் இருந்தால் எண்ணெய் இன்ஜினிலிருந்து வருகிறது. அங்கே காய்ந்து, டர்போவுக்குப் பின்னால் மட்டும் ஈரமாக இருந்தால்தான் டர்போ குற்றவாளி. இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு நியாயமான விசாரணையை யார் முதலில் யோசித்தாரோ, அவரை வணங்கத் தோன்றுகிறது.

இப்படி மணிக்கணக்கில் யோசித்துக் கண்டுபிடிப்பதற்கு பில்லில் ஒரு வரி கிடையாது என்பதுதான் என் வருத்தம். டர்போ மாற்றினால் கூலி உண்டு. மாற்ற வேண்டாம் என்று கண்டுபிடித்தால் ஃபில்டர் காசோடு போய்விடுகிறது. வண்டிக்காரர்கள் இதற்கென்று தனியாகக் கொடுக்கப் பழக வேண்டும்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், மாட்டுவதிலும் ஒழுங்கு உண்டு. செம்பு வாஷர் புதிதாக இருக்க வேண்டும். குழாய் மாட்டுமுன் எண்ணெய்த் துவாரத்தில் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சில நொடியிலேயே புஷ் வறண்டு கீறும். டர்போ தள்ளும் காற்றை ஆற்றுகிற இன்டர்கூலருக்குள் தேங்கிய எண்ணெயை வடிக்காமல் ஸ்டார்ட் செய்வது ஆபத்து. இன்ஜின் அந்த எண்ணெயையே எரிபொருளாகக் குடித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் அலறும். ஓட்டுகிறவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார்கள்: லோடு இழுத்து வந்ததும் உடனே ஆஃப் செய்யாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விடு, இல்லாவிட்டால் சூட்டில் எண்ணெய் உள்ளேயே கரியாகிவிடும்.

அந்தப் பட்டறையில் காலி வண்டியை ஓட்டிப் பார்த்து ஒப்படைப்பதில்லை. லோடு அடித்துவிட்டு வா என்று அனுப்பி, வந்ததும் இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விடுவார்கள். மெல்லிய ஈரம் ஒட்டினால் பரவாயில்லை, பிரீத்தர் வழியாக அந்த அளவு வரத்தான் செய்யும். சொட்டினால் வண்டி மறுபடி உள்ளே வரும், விசாரணை ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்கும்.